எல்லைகளின் கதை – 17: பத்துப் பேரும் அறுபது பேரும்

1942-இல் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் வெறுங்கையோடு லண்டன் திரும்பியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். நான்கே ஆண்டில் அவர் மறுபடி டெல்லிக்கு வந்தார். இம்முறை இந்தியா மந்திரி பெத்திக்-லாரன்சும் கடற்படை மந்திரி ஏ.வி. அலெக்சாண்டரும் உடன் வந்தார்கள். உலகப் போர் முடிந்திருந்தது. பிரிட்டனில் அட்லியின் தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. இந்தியாவை விட்டுப் போவது என்று முடிவாகிவிட்டது. யார் கையில் ஒப்படைப்பது, எந்த எல்லைக்குள், எவ்வளவு அதிகாரத்தோடு என்பதுதான் பாக்கி. 1946 மார்ச் 24 அன்று டெல்லி வந்திறங்கிய இந்த மூவரைத்தான் கேபினட் தூதுக்குழு என்கிறோம்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று காந்தி வந்து சேர்ந்தார். பிர்லா மாளிகையின் கதவு அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது. ஆனாலும் அவர் போய்த் தங்கியது ரீடிங் ரோட்டில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த வால்மீகி கோயிலில். பங்கி காலனி என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. இழிவான அந்தச் சாதிப் பெயரைத் தவிர்த்து இன்று வால்மீகி பஸ்தி என்கிறார்கள். ரீடிங் ரோடும் மந்திர் மார்க் ஆகிவிட்டது. அதே சாலையில் 1939-இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திரை ஒட்டி வந்த பெயர் அது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விடுவதாக இருந்தால்தான் வருவேன் என்று அந்தத் திறப்பு விழாவுக்கு அவர் நிபந்தனை போட்டது பலருக்கும் தெரிந்த கதை.

டெல்லித் தமிழர்களுக்கு இந்தச் சாலையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1923-இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் பிறந்த டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. காளி பாரி இருக்கிறது. இந்து மகாசபா பவன் இருக்கிறது. பின்பக்கம் ரிட்ஜ் காடு. இத்தனைக்கும் நடுவில் வால்மீகி கோயில் வளாகத்தில், காந்தி தங்கிய சிறிய அறை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தரையில் விரிப்பு, உட்கார்ந்து எழுதத் தாழ்வான மேசை, ராட்டை. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுத்த கரும்பலகையும் உண்டு. 1946 ஏப்ரல் முதல் 1947 செப்டம்பருக்கு முன்பு வரை டெல்லியில் இருந்தபோதெல்லாம் இதுதான் அவர் வீடு. அவருக்காக இந்தக் குடியிருப்புக்கு அவசர அவசரமாக மின்விளக்கும் தொலைபேசியும் வந்ததை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-ஒயிட் பதிவு செய்திருக்கிறார். கிரிப்ஸ் இங்கே வந்து போனார். மாலைப் பிரார்த்தனைக்குப் பெருங்கூட்டம் கூடியது. இந்த நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்து, எங்கள் நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் இங்கேதான் வந்தார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

முதலில் தூதுக்குழுவின் திட்டம். சிம்லாவில் மே முதல் இரு வாரங்களில் நடந்த பேச்சு முறிந்ததும், மே 16 அன்று தூதுக்குழு தன் சொந்தத் திட்டத்தை வெளியிட்டது. அந்த அறிக்கையை இன்று படித்தாலும் அதன் வாதத் திறன் வியக்க வைக்கிறது. முஸ்லிம் லீக் தலைவர் ஜின்னா கேட்ட ஆறு மாகாணப் பாகிஸ்தானை மக்கள்தொகைக் கணக்கை வைத்தே அது மறுத்தது. வடமேற்குப் பகுதியில் முஸ்லிம் அல்லாதவர்கள் 37.93 சதவீதம், வடகிழக்கில் 48.31 சதவீதம். மத அடிப்படையில் நாடு கேட்டால், மற்ற மதத்தவர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களை அதற்குள் எப்படி அடைப்பது என்று கேட்டது அறிக்கை. நியாயமான கேள்விதான்.

ஆனால் அதே அறிக்கை அடுத்த சில பக்கங்களில் தானே அந்தத் தவறைச் செய்தது. இந்தியா ஒரே ஒன்றியமாக இருக்கும், அதன் கையில் வெளியுறவு, பாதுகாப்பு, போக்குவரத்து-தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளும் அவற்றுக்கான நிதி திரட்டும் அதிகாரமும் மட்டும், மற்றதெல்லாம் மாகாணங்களுக்கு. இதுவரை சரி. இடையில் மாகாணங்களை மூன்று பிரிவாகக் கட்டியது. சென்னை, பம்பாய், ஐக்கிய மாகாணம், பிகார், மத்திய மாகாணம், ஒரிசா ஆகியவை ‘ஏ’ பிரிவு. பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புற மாகாணம், சிந்து ‘பி’. வங்காளமும் அசாமும் ‘சி’. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே உட்கார்ந்து, தன் மாகாணங்களின் அரசியல் சட்டத்தை எழுதும். பொது அரசு ஒன்று வேண்டுமா என்றும் முடிவு செய்யும்.

அரசியல் நிர்ணய சபைக்குப் பத்து லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி என்பது கணக்கு. வங்காளத்துக்கு 60 இடம், அசாமுக்கு 10. சேர்த்து 70. அவற்றில் முஸ்லிம் இடங்கள் 36, பொது இடங்கள் 34. வங்காளத்தின் 60 பேர் கைதூக்கினால் அசாமின் 10 பேர் என்ன செய்ய முடியும்? அசாமில் அன்று முஸ்லிம்கள் சுமார் 34 லட்சம், மற்றவர்கள் 67 லட்சம். காங்கிரஸ் ஆட்சி நடந்த மாகாணம். எந்த அடிப்படையில் அதை ‘சி’ பிரிவில் போட்டார்கள்? லீகின் சம்மதத்தை வாங்க வேண்டும், அதற்கு ஜின்னா கேட்ட ஆறு மாகாணங்களும் ஏதாவது ஒரு வடிவில் இரண்டு கட்டுகளுக்குள் வர வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் பின்னால் வெளியேறிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது உண்மைதான். ஆனால் புதிய சட்டப்படி முதல் தேர்தல் நடந்து, புதிய சட்டசபை கூடிய பிறகே வெளியேறலாம். அந்தத் தேர்தலின் விதிகளையும் வாக்குரிமையையும் எழுதப்போவது அந்த 70 பேர். வெளியேறும் கதவுக்குப் பூட்டுப் போடும் உரிமை வங்காளத்தின் பெரும்பான்மைக்கே இருந்தது. அசாம் முதல்வர் கோபிநாத் போர்டோலாய் பயந்தது இதற்குத்தான்.

காந்தி முதலில் இந்த அறிக்கையைப் பாராட்டினார். இந்தச் சூழலில் பிரிட்டிஷ் அரசு தயாரித்திருக்கக்கூடிய சிறந்த ஆவணம் இதுதான் என்று ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அதே கட்டுரையில் அசாமையும் சீக்கியர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எந்த மாகாணத்தையும் அதன் விருப்பத்துக்கு மாறாக ஒரு பிரிவில் சேர்க்க முடியாது என்றும் எழுதினார். அவர் பார்வையில் அறிக்கை ஒரு பரிந்துரை. தூதுக்குழு மே 25 அன்று விளக்கம் தந்தது: பிரிவுகள் திட்டத்தின் உயிர்நாடி, விட்டுக்கொடுக்க முடியாது.

ஜூன் கடைசி வாரத்தில் இந்த முரண்பாடு முற்றியது. அரசியல் நிர்ணய சபைக்கு வேட்புமனு போடுகிறவர்கள், அறிக்கையின் 19-ஆவது பத்தியில் சொன்ன பணிக்காகவே நிற்பதாக உறுதி தர வேண்டும் என்று கவர்னர்களுக்குக் கட்டளை போயிருந்தது. 19-ஆவது பத்திதான் பிரிவுகளாக உட்கார்வதைப் பற்றியது. ஜூன் 24 திங்கட்கிழமை, காந்திக்கு மௌன நாள். மந்திரிகளைச் சந்திக்கப் போனவர் துண்டுச் சீட்டுகளில் எழுதியெழுதிக் கேள்வி கேட்டார். பதில் திருப்தி தரவில்லை. மறுநாள் காங்கிரஸ் செயற்குழுவில் தன் சந்தேகத்தைச் சொன்னார். இருட்டுத்தான் தெரிகிறது, ஆனால் என் உள்ளுணர்வை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் எனக்கு இங்கே வேலை இல்லை என்று எழுந்து போய்விட்டார். செயற்குழு நீண்டகாலத் திட்டத்தைத் தன் சொந்த விளக்கத்தோடு ஏற்றது. பிரிவு கட்டாயம் என்று எண்ணிக் கையெழுத்திட்ட லீகும், கட்டாயமில்லை என்று எண்ணிக் கையெழுத்திட்ட காங்கிரசும் ஒரே காகிதத்தை வெவ்வேறு காகிதமாகப் படித்தன.

ஜூலை 10 அன்று, புதிய காங்கிரஸ் தலைவரான நேரு பம்பாயில் நிருபர்களிடம் பேசினார். அரசியல் நிர்ணய சபைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் காங்கிரஸ் கட்டுப்படவில்லை, பிரிவுகள் அநேகமாக அமையப்போவதில்லை என்றார். அசாமும் எல்லைப்புற மாகாணமும் சம்மதிக்கா என்பதையும் காரணமாகச் சொன்னார். ஜூலை 16 அன்று அசாம் சட்டசபை தன் பத்துப் பிரதிநிதிகளுக்கும் உத்தரவு போட்டது: வங்காளத்தோடு சேர்ந்து உட்கார்ந்து அசாமின் சட்டத்தை எழுதாதீர்கள். ஜூலை 29 அன்று லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்ட் 16-இல் கல்கத்தா எரிந்தது.

நேருவின் அந்தப் பேட்டியைப் பெருந்தவறு என்று மௌலானா ஆசாத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அசாமின் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் பிரிவினையைத் தவிர்த்திருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பிரிவினையில் செத்தவர்களின் எண்ணிக்கையை நினைத்தால் அந்த வாதத்தை லேசில் ஒதுக்க முடியாது. ஆனால் அசாமின் ஒரு கோடி மக்களிடம் கேட்காமல் அவர்கள் மாகாணத்தை டெல்லியில் பேரம் பேசுகிறவர்களுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? போர்டோலாய் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டார். அவர் செய்தது சரி என்பதே என் முடிவு.

டிசம்பர் 6 அன்று பிரிட்டிஷ் அரசு லீகின் விளக்கத்தையே சரி என்றது: பிரிவுக்குள் பெரும்பான்மை வாக்கே முடிவு. காங்கிரஸ் மேலிடம் தளரத் தொடங்கியது. போர்டோலாய் இருவரைக் காந்தியிடம் அனுப்பினார்: விஜய் சந்திர பகவதி, மகேந்திர மோகன் சௌதுரி. காந்தி அப்போது நவகாளியில், ஸ்ரீராம்பூர் என்ற கிராமத்தில், கலவரத்தில் எரிந்த வீடுகளுக்கு நடுவே இருந்தார். டிசம்பர் 15 அன்று அவர்களிடம் அவர் சொன்னதில் மழுப்பல் இல்லை. அசாம் இப்போது பேசாமல் இருந்தால் அதோடு அதன் கதை முடிந்தது, பிரிவில் உட்காராதீர்கள், தேவைப்பட்டால் காங்கிரசையே எதிர்த்து நில்லுங்கள், தன் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்யும்படி அசாமை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொந்தக் கட்சிக்கு எதிராகவே ஒரு சிறு மாகாணத்தைத் தூண்டிவிட்ட தலைவர் வேறு யார்? ஜனவரி முதல் வாரம் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு லண்டனின் விளக்கத்தை ஏற்றபோது, எந்த மாகாணத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வரியையும் சேர்த்துத்தான் ஏற்றது. அந்த ஒரு வரியை அசாம் சம்பாதித்தது.

இன்னொரு மூலை அப்படித் தப்பவில்லை. எல்லைப்புற மாகாணத்தின் பாச்சா கான் என்கிற கான் அப்துல் கஃபார் கானும் ரீடிங் ரோட்டுக் குடியிருப்பில் காந்தியோடு தங்கியவர். சிம்லா பேச்சில் காங்கிரஸ் தரப்பில் உட்கார்ந்த நால்வரில் அவர் ஒருவர். அவர் மாகாணத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஆனாலும் 1946 தேர்தலில் 50 இடத்தில் 30 காங்கிரசுக்கு. அவருடைய தொண்டர்களான குதாயி கித்மத்கர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு மார்பு காட்டி நின்றவர்கள். 1947 ஜூன் 3 திட்டம் அந்த மாகாணத்துக்குப் பொதுவாக்கெடுப்பு என்றது. இந்தியாவா, பாகிஸ்தானா? பட்டாணியர்களுக்குத் தனி நாடு என்ற மூன்றாவது பதிலையும் சீட்டில் சேர்க்கக் கேட்டார் பாச்சா கான். மறுத்துவிட்டார்கள். காங்கிரஸ் செயற்குழுவே பிரிவினைக்குச் சம்மதித்தபோது, எங்களை ஓநாய்களிடம் எறிந்துவிட்டீர்கள் என்று அவர் மனம் நொந்து பேசியது வரலாற்றில் நின்றுவிட்டது. அவர் ஆட்கள் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். மொத்த வாக்காளர்கள் 5,72,798. பாகிஸ்தானுக்கு விழுந்தவை 2,89,244. பாதியைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. ஆகஸ்ட் 22 அன்று, பாகிஸ்தான் பிறந்து எட்டே நாளில், அவர் அண்ணன் டாக்டர் கான் சாகிபின் மந்திரிசபை கலைக்கப்பட்டது. பாச்சா கானின் பிற்கால வாழ்க்கையில் பெரும்பகுதி சிறையிலும் நாட்டைவிட்டு வெளியேறியும் கழிந்தது.

அதே ஜூலையில் அசாமின் சில்ஹெட் மாவட்டத்திலும் வாக்கெடுப்பு. கிழக்கு வங்காளத்தோடு சேர 2,39,619 பேரும், அசாமில் நீடிக்க 1,84,041 பேரும் வாக்களித்தார்கள். கரீம்கஞ்சை ஒட்டிய சிறுபகுதி தவிர மாவட்டம் முழுவதும் போனது. இங்கே அசாமின் தலைவர்களையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். வங்காளி பேசும் மாவட்டம் கழன்று போவதில் அவர்களில் பலருக்கு வருத்தமில்லை. அந்த மாவட்டத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாக்கே தரப்படவில்லை. எங்களைக் கேட்காமல் எங்களை மாற்றாதீர்கள் என்று ஓராண்டு முழுக்கப் போராடிய மாகாணம், தன் கூலித் தொழிலாளிகள் கேட்கப்படாததற்காகப் போராடவில்லை.

இதைவிடக் கூர்மையாக அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் நாகர்கள். 1947 ஜூலை 19 அன்று அங்கமி சாபு ஃபிசோவும் அவர் தோழர்களும் ரீடிங் ரோட்டுக் குடியிருப்புக்கு வந்து காந்தியைப் பார்த்தார்கள். ஆங்கில ஆட்சி போனதும் நாகர் மலை யாருக்கும் சொந்தமல்ல, நாகர்களுக்கே என்பது அவர்கள் நிலை. அதற்கு மூன்று வாரம் முன்புதான் அசாம் கவர்னர் அக்பர் ஹைதரி நாகா தேசியக் கவுன்சிலுடன் ஒன்பது அம்ச உடன்பாடு ஒன்று போட்டிருந்தார். அதன் கடைசி அம்சம் பத்தாண்டு கழித்து என்ன என்பதைப் பற்றியது. பத்தாண்டு முடிந்ததும் நாங்கள் விரும்பினால் போகலாம் என்று நாகர்கள் படித்தார்கள், உடன்பாட்டை நீட்டிப்பதா புதுப்பிப்பதா என்று பேசலாம் என்று டெல்லி படித்தது. தூதுக்குழு அறிக்கைக்கு நேர்ந்த கதையேதான்.

காந்தி அவர்களிடம், உங்களுக்குச் சுதந்திரமாக இருக்க எல்லா உரிமையும் உண்டு என்றார். இந்தியா முழுவதும் உங்களுடையது என்று நினைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். சேர விருப்பமில்லை என்றால் ஒருவரும் கட்டாயப்படுத்த முடியாது. ராணுவத்தை அனுப்பினால் நான் நாகர் மலைக்கு வந்து, ஒரு நாகரைச் சுடுவதற்கு முன் என்னைச் சுடச் சொல்வேன் என்றார். ஆகஸ்ட் 14 அன்று நாகா தேசியக் கவுன்சில் தனிச் சுதந்திரம் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் காந்தி இல்லை. 1950-களின் நடுவில் ராணுவம் மலையேறியது. 1958-இல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து மாநிலமானது. சண்டை அதோடு நிற்கவில்லை.

1947 செப்டம்பர் 9 அன்று கல்கத்தாவில் இருந்து டெல்லி திரும்பிய காந்தியை, ரயில் நிலையத்தில் இருந்து படேல் பிர்லா மாளிகைக்கு அழைத்துப் போனார். வால்மீகி குடியிருப்பில் பஞ்சாப் அகதிகள் நிறைந்திருந்தார்கள். அதே ரீடிங் ரோட்டில் இந்து மகாசபா பவன். பாரத நிலம் ஒரே உடல், அதை வெட்டச் சம்மதித்தவர்கள் துரோகிகள் என்று நம்பியவர்களின் கூடாரம். 1948 ஜனவரி 20 அன்று காந்தியைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தபோது, அந்தச் சதிக் கும்பலில் சிலர் தங்கியிருந்தது அங்கேதான். அன்று காலை பின்னால் இருந்த காட்டில் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார்கள். நிலத்தைப் புனிதமாக்கி, அதில் வாழும் மனிதர்களை மறந்த ஒரு கொள்கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு நமக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இனி டெல்லி செயலகத்தின் பக்கம் திரும்புவோம். 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில், மிச்ச அதிகாரங்கள் மாகாணங்களுக்கே என்று எழுதியிருந்தது. 1947 ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிப்பு. மூன்றே நாளில், ஜூன் 6 அன்று, அரசியல் நிர்ணய சபையின் ஒன்றிய அரசியலமைப்புக் குழு கூடி, பலமான மத்திய அரசு, மிச்ச அதிகாரமும் மத்திய அரசுக்கு என்று முடிவெடுத்தது. லீகைச் சமாதானப்படுத்தவே பலவீனமான மையத்துக்கு ஒப்புக்கொண்டோம், லீக் போய்விட்டது, இனி அது நாட்டுக்குக் கேடு என்பது வாதம். வன்முறை, அகதிகள், ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் என்று தலைக்கு மேல் வெள்ளம் போன நேரம். திருவாங்கூரின் திவான் சி.பி. ராமசாமி ஐயர் தனி நாடு என்று அறிவித்ததும் அதே மாதத்தில்தான். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அசாம் போராடிப் பெற்ற அந்த வரி இந்த அவசரத்தில் காணாமல் போனது.

ஆகஸ்டில் என். கோபாலஸ்வாமி ஐயங்கார் ஒன்றிய அதிகாரக் குழுவின் அறிக்கையைச் சபையில் வைத்தபோது, எழுந்து எதிர்த்துப் பேசியவர் இன்னொரு தமிழர், கே. சந்தானம். மத்திய அரசிடம் அதிகாரங்களைக் குவித்தால் அது பலமாகிவிடும் என்பது ஒரு மயக்கம், இந்த நிதிப் பங்கீட்டில் மாகாணங்கள் மத்திய அரசின் வாசலில் பிச்சைப் பாத்திரத்தோடு நிற்கும் என்று எச்சரித்தார். பிற்பாடு மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழு 1971-இல் எழுதிய அறிக்கையைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் குரல் காதில் விழும்.

அதிகாரத்தைப் பற்றிய கதை அது. நிலத்தைப் பற்றிய கதை அரசியல் சட்டத்தின் மூன்றாவது சரத்தில் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றலாம், பரப்பைக் குறைக்கலாம், பெயரை மாற்றலாம், இரண்டாக வெட்டலாம். எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். இப்படி ஒரு மாற்றம் அந்த மாநிலத்தின் சட்டசபையில் இருந்தே புறப்பட வேண்டும் என்று 1948 நவம்பரில் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. சட்டசபையின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்டறிய வேண்டும் என்று மட்டும் வைத்தார்கள். 1955-இல் ஐந்தாவது திருத்தம் அதற்கும் கெடு வைத்தது: சொன்ன நாளுக்குள் கருத்துச் சொல்லாவிட்டால் சொல்லாமலே மேலே போகலாம். சொன்னாலும் அது கட்டுப்படுத்தாது என்பதைப் பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அசாம் தன் பத்துப் பேருக்காகக் கேட்ட மறுப்புரிமை இந்தியக் குடியரசின் எந்த மாநிலத்துக்கும் இல்லை. மொழிவழி மாநிலங்கள் 1956-இல் பிறக்க இந்தச் சரத்தின் நெகிழ்வும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். அதே நெகிழ்வுதான், சட்டசபையே இல்லாத நேரத்தில் ஜம்மு-காஷ்மீரை 2019-இல் இரண்டு யூனியன் பிரதேசங்களாக ஆக்கவும் இடம் கொடுத்தது.

வெளிநாட்டுக்கு நிலம் கொடுப்பதில் மட்டும் ஒரு தடை நிற்கிறது. 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் மேற்கு வங்கத்தின் பெருபாரியைப் பங்கிட ஒப்பந்தம் செய்தார்கள். மேற்கு வங்கம் கொதித்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் இந்திய நிலத்தைக் கொடுக்க முடியாது என்று 1960 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1974 ஜூனில் கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட விஷயத்தில் அந்த வழியே வேண்டாம் என்று டெல்லி முடிவு செய்தது. அது கொடுப்பதல்ல, தகராறில் இருந்த தீவுக்கு எல்லை வகுப்பதுதான் என்றார்கள். ஆகஸ்ட் 21 அன்று தமிழக சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 285 ஏக்கர் தீவு. அதைச் சுற்றிய கடலில் வலை வீசியவர்களிடம் கேட்டார்களா என்று இராமேசுவரத்தில் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும்; வரும்.

அசாமோடு தொடங்கினோம், அங்கேயே போவோம். பிரிவினையில் அசாம் இந்தியாவோடு தங்கியது, ஆனால் வழி அறுந்தது. கல்கத்தாவுக்கும் சிட்டகாங் துறைமுகத்துக்கும் போன ரயிலும் ஆற்றுப் படகும் இப்போது வேறு நாட்டின் வழியே போயின. சிலிகுரிக் கழுத்தின் ஊடே, தீஸ்தா போன்ற காட்டாறுகளைக் கடந்து, சுமார் 230 கிலோமீட்டர் இணைப்புப் பாதையை இரண்டே ஆண்டில் போட்டு முடித்தார்கள். 1950 ஜனவரி 26 அன்று, குடியரசு பிறந்த நாளிலேயே, அதில் பயணிகள் ரயில் ஓடியது. மத்திய அரசு மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பாதை சாட்சி.

1953-இல் நாகர்கட்டியாவில் எண்ணெய் கிடைத்தது. சுத்திகரிப்பு ஆலையை எங்கே கட்டுவது? பிகாரின் பரௌனியில் என்று டெல்லி சாய்ந்தது. எல்லைக்குப் பக்கத்தில் ஆலை வைப்பது ஆபத்து, சந்தை மேற்கேதான் இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. எங்கள் மண்ணின் எண்ணெய், ஆலை வேறிடத்திலா என்று அசாமில் மாணவர்களும் கட்சிகளும் தெருவில் இறங்கினார்கள். 1950-களின் பின்பாதியில் நடந்த அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு இரண்டு ஆலை என்று முடிவானது. குவாஹாட்டியை அடுத்த நூன்மாட்டியில் 7.5 லட்சம் டன் திறனுள்ள சிறிய ஆலை. பரௌனியில் அதைவிடப் பெரியது. 1962 ஜனவரி 1 அன்று நேரு நூன்மாட்டியைத் திறந்துவைத்தார். மீதிக் கச்சா எண்ணெய் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட குழாயில் பரௌனிக்குப் போனது.

அதன் பிறகு 1979-இல் தொடங்கிய அசாம் கிளர்ச்சியில் வெளிநாட்டவர் பிரச்சினையோடு இந்தப் பழைய கணக்கும் சேர்ந்துகொண்டது. கச்சா எண்ணெய் வெளியே போகாமல் மறித்தார்கள். 1985 ஆகஸ்ட் 15 அன்று ராஜீவ் காந்தி அரசோடு கையெழுத்தான அசாம் உடன்பாட்டில், மாநிலத்துக்கு இன்னொரு சுத்திகரிப்பு ஆலை என்பது ஒரு வாக்குறுதி. நுமலிகரில் அந்த ஆலையை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது ஆண்டு 1999. கையெழுத்துக்கும் அர்ப்பணிப்புக்கும் நடுவே பதினான்கு ஆண்டு.

அடுத்த அத்தியாயம் ஆந்திரம்: 1952 இறுதியில் மதராஸ் மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு இருந்த உண்ணாவிரதமும், சென்னை யாருக்கு என்ற சண்டையும்.